3500 கிலோ இழுக்கும் வண்டி, 2000 கிலோ காம்பர்: பிறகு ஏன் ஆடியது?

சிட்னி டூங்காபியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சாரம் இதுதான்:

"வணக்கம் அண்ணா. எங்களிடம் டூயல் கேப் யூட் (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் சாமான் தட்டும் உள்ள வண்டி) இருக்கிறது. 3500 கிலோ இழுக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். போன வருடம் ஒரு காம்பர் ட்ரெய்லர் (பின்னால் மாட்டி இழுக்கும் கூடார வண்டி) வாங்கினோம், அதன் தகட்டில் ஏடிஎம் (தாண்டக் கூடாத மொத்த எடை) 2000 என்று இருக்கிறது. ஆகவே இன்னும் 1500 கிலோ மிச்சம் என்று நிம்மதியாக இருந்தேன். ஈஸ்டர் விடுமுறைக்கு ஜிண்டபைன் போனோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார். புறப்படும் முன் யூட்டின் பின்பக்கம் தாழ்ந்திருப்பதைப் பார்த்த நண்பர், 'முன்பாரம் அதிகம், கொஞ்சம் பின்னால் தள்ளு' என்றார். யூட்டில் போட இருந்த நான்கு சைக்கிள்களையும் காம்பரின் பின்னால் ரேக் வைத்து மாட்டினேன். யூட் நிமிர்ந்துவிட்டது. போகும்போது பிரச்சினை இல்லை. திரும்பும்போது ஹியூம் ஹைவேயில், மரூலன் தாண்டி, 105இல் போகையில் ஒரு பெரிய லாரி முந்தியது. காம்பர் பாம்பு மாதிரி ஆட ஆரம்பித்தது. கை நடுங்கிவிட்டது. ஜூலையில் உலுரு போகத் திட்டம். யூட்டின் பின் ஸ்பிரிங்கில் ஏர்பேக் (காற்றுப் பை) போட்டால் சரியாகிவிடும் என்கிறார் அதே நண்பர். போடலாமா? உண்மையிலேயே எனக்கு எவ்வளவு எடை மிச்சம் இருக்கிறது?"

வணக்கம். முதலில், அந்த 105இலும் வண்டியை நேராக்கி வீடு வந்து சேர்ந்தீர்களே, அதுவே பெரிது. நான் 14 வருடமாக மேற்கு சிட்னியில் வீடு வீடாகப் போய் காரவான், காம்பர்களை எடை போடுகிறவன். தராசு பலகையில் வண்டியை ஏற்றி எண்ணைக் காட்டியதும் சொந்தக்காரர் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆனா 3500 இழுக்கும்னு சொன்னாங்களே?"

இழுக்கும், பொய்யில்லை. ஆனால் அந்த எண் எந்த நிலையில் உண்மை என்பதை விற்பவர் சொல்வதில்லை. கடிதத்தில் நீங்கள் கொடுத்த தகட்டு எண்களையே எடுத்துக்கொள்வோம். வண்டி முழு டேங்க் டீசலோடு, ஆள் இல்லாமல் 2080 கிலோ. ஜிவிஎம் 3100, அதாவது வண்டி, ஆட்கள், சாமான், டோ பால் (ட்ரெய்லரை மாட்டும் உருண்டை) மேல் காம்பர் அழுத்தும் பாரம் எல்லாம் சேர்ந்து தாண்டக் கூடாத எல்லை. ஜிசிஎம் 5950, இது வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த எல்லை. இப்போது நிஜமாகவே 3500 கிலோ காரவான் ஒன்றை மாட்டினால் 5950இல் வண்டிக்கு மிஞ்சுவது 2450. வெறும் வண்டியே 2080. மீதி 370 கிலோவில் நீங்கள் யூட்டில் ஏற்கெனவே பொருத்தியிருக்கும் புல்பார், கேனபி (பின் தட்டின் மேல்மூடி), டோ பார், டிராயர், இரண்டாவது பேட்டரி எல்லாம் சேர்ந்து 280. மிச்சம் 90. உங்கள் எடை 84 என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, நீங்கள் ஒருவர் மட்டும், கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு, குடும்பத்தை வீட்டில் விட்டுவிட்டு அந்த 3500ஐ இழுக்கலாம்.

உங்கள் காம்பர் அவ்வளவு கனம் இல்லை என்பதால் இந்த ஜிசிஎம் உங்களுக்குச் சிக்கலே இல்லை. சிக்கல் வேறிடத்தில்.

போனில் பேசியபோது ஒவ்வொரு சாமானாகச் சொன்னீர்கள், நான் எழுதிக்கொண்டேன். யூட்டின் 2080, பொருத்திய சாமான்கள் 280, சேர்த்து 2360. நீங்கள் ஐந்து பேரும் 267. கேனபிக்குள் நிரப்பிய ஃபிரிட்ஜ் 50, கருவிகளும் இழுவைக் கயிறும் 40, இரண்டு தண்ணீர் கேன் 42, அரிசி பருப்பு வகையறா 45, பைகள் 55, மேலே கட்டிய ஆனிங் (நிழல் விரிப்பு) 20, அப்புறம் மாமியாரின் மாவு கிரைண்டர் 12. மொத்தம் 2891. இன்னும் 209 கிலோ இடம் இருக்கிறது என்று தோன்றும். காம்பரை மாட்டும் வரைக்கும்தான்.

காம்பர் வெறுமையாக 1450. இரண்டு தண்ணீர் டேங்க்கும் நிரம்ப 140 லிட்டர், அதாவது 140 கிலோ. இரண்டு கேஸ் சிலிண்டர், ஜெனரேட்டர், விறகு, படுக்கை, கூடாரம், நாற்காலி, சமையல் சாமான் என்று நீங்கள் சொன்ன மற்றதையெல்லாம் கூட்டினால் 1993 வருகிறது. ஏடிஎம் 2000க்கு 7 கிலோ கீழே. ஏடிஎம் என்பது காம்பரைக் கழற்றித் தனியாக நிறுத்தினால் அது தரையில் அழுத்தும் மொத்த எடையின் எல்லை. வண்டியில் மாட்டியபின் அந்த எடையில் ஒரு பங்கு டோ பால் வழியாக யூட்டின் மேல் போய்விடும், மீதிதான் காம்பரின் சக்கரத்தில் நிற்கும். அந்த மீதிக்கான எல்லை ஜிடிஎம்.

உங்கள் காம்பரில் முன்பெட்டிக்குள்தான் ஜெனரேட்டர், விறகு இரண்டும். ஆகவே டோ பால் மேல் 220 கிலோவாவது இறங்கியிருக்கும் என்று மதிப்பிடுகிறேன். 2891உடன் 220 சேர்த்தால் 3111. எல்லை 3100. இழுவைத் திறனில் 1500 கிலோ மிச்சம் என்று நினைத்த அதே நேரத்தில் உங்கள் யூட் 11 கிலோ அதிகப் பாரத்தில் நின்றது. நான் எடை போடும் யூட்களில் பெரும்பாலும் முதலில் தாண்டுவது இந்த ஜிவிஎம்தான், அல்லது அதன் பின் ஆக்சில் (பின் சக்கர அச்சு) தாங்கும் எல்லை.

பின் ஆக்சிலைத் தனியாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. டோ பால் பின் சக்கரத்துக்கு நேர் மேலே இல்லை, அதற்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. சீசா பலகையின் ஒரு முனையில் குழந்தை உட்கார்ந்தால் மறுமுனை எழும்புவது மாதிரி, அந்தப் பாரம் பின் சக்கரத்தை அச்சாக வைத்து வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கும். உங்கள் யூட்டில் முன் பின் சக்கரங்களுக்கு இடையே சுமார் 3.1 மீட்டர், பின் சக்கரத்திலிருந்து பால் வரை சுமார் 1.25 மீட்டர். கணக்குப் போட்டால் 220 கிலோ இறங்கும்போது பின் ஆக்சிலில் ஏறுவது 308 கிலோவுக்கு மேல். அந்த உபரி 88 கிலோவும் முன் சக்கரங்களிலிருந்து கழிந்தது. ஸ்டியரிங் லேசாக இருந்தது, இரவில் எதிரே வந்தவர்கள் ஹெட்லைட்டை அணைத்து அணைத்துக் காட்டினார்கள் என்றீர்களே, காரணம் இதுதான்.

இங்கேதான் ஏர்பேக் கேள்வி வருகிறது. பின் ஸ்பிரிங்கில் காற்றுப் பை வைத்தால் யூட் நிமிர்ந்து நிற்கும், விளக்கு நேராகும். ஆனால் 3111 அப்படியே 3111தான். முதுகு வளைந்து மூட்டை தூக்குகிறவரைக் கட்டை கொடுத்து நிமிர்த்திய மாதிரி. அது மட்டுமில்லை, சாதாரணமாக இலைப்பட்டை ஸ்பிரிங்கின் இரண்டு முனைகள் வழியாக வண்டியின் அடிச்சட்டத்துக்குப் போகும் பாரம் இப்போது காற்றுப் பை இருக்கும் ஒற்றை இடத்தில் குவியும். பின்பாரம் அதிகமான டூயல் கேப்களில் கரடுமுரடான பாதையில் அடிச்சட்டமே வளைந்த கதைகள் இந்த நாட்டில் ஏராளம். நானே இரண்டைப் பார்த்திருக்கிறேன். கேபினுக்கும் பின் தட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி மேலே அகன்று கீழே ஒடுங்கி, V மாதிரி நிற்கும். எல்லைக்குள் இருக்கும் வண்டியில் தயாரிப்பாளர் அனுமதித்தால் ஏர்பேக் தவறில்லை. எல்லை தாண்டிய வண்டிக்கு அது மருந்து இல்லை. ஜிவிஎம் உயர்த்திச் சான்றிதழ் வாங்கும் வழி உண்டு, சஸ்பென்ஷன் மாற்றிச் செய்வார்கள். செலவு கனம். ஜிவிஎம் உயர்ந்தால் ஜிசிஎம் தானாகவே உயர்ந்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்களுக்கு அது தேவைப்படாது என்பது என் கருத்து, கீழே சொல்கிறேன்.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய வரி, "போகும்போது பிரச்சினை இல்லை" என்பது. போகும்போதுதான் பாரம் அதிகம். திரும்பும்போது சாப்பாடு தீர்ந்து, விறகு எரிந்து, தண்ணீர் குறைந்து எல்லாம் லேசாகிவிட்டது. லேசான பின் ஏன் ஆட வேண்டும்?

நான்கு சைக்கிளும் ரேக்கும் சேர்ந்து 50 கிலோ. காம்பரின் ஆக்சிலிலிருந்து சுமார் 2.3 மீட்டர் பின்னால் தொங்கின. ஆக்சிலிலிருந்து டோ பாலில் மாட்டும் கப்பிளிங் வரை 3.7 மீட்டர். பின்னால் இறங்கிய 50, முன்னால் டோ பாலிலிருந்து 31 கிலோவைத் தூக்கிவிட்டது. 220 ஆக இருந்தது 189. அதனால்தான் யூட் நிமிர்ந்தது. வேடிக்கை என்னவென்றால் அந்த நிமிடம் யூட் 3080க்கு வந்து சட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. காம்பர் 2043 ஆகி அதன் ஏடிஎம்மைத் தாண்டிவிட்டது. நண்பர் ஒரு பக்கம் அடைத்த ஓட்டை மறுபக்கம் திறந்துகொண்டது.

ஆனாலும் 2043இல் 189 என்பது ஒன்பது சதவீதம். ஆஸ்திரேலியக் காம்பர், காரவான்களுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பது பொது வழக்கம். ஒன்பது மோசமில்லை, போகும்போது சமாளித்தது. பிறகு என்ன ஆயிற்று? ஜிண்டபைனில் இருந்தவரை குழாயை முன் டேங்க்கில்தான் வைத்திருந்தோம், அது காலி, பின் டேங்க்கைத் தொடவே இல்லை என்றீர்கள். ஆக்சிலுக்கு முன்னால் இருந்த 70 கிலோ தண்ணீர் போனதில் பாலில் 21 கிலோ குறைந்தது. விறகு 40 கிலோவும் எரிந்தது, அது முன்பெட்டியில் இருந்ததால் இன்னும் 26. மிஞ்சியது 142. காம்பரின் எடை அப்போது 1933 என்று வைத்தால் ஏழு சதவீதம் சொச்சம். குறைந்த பாரமெல்லாம் முன்பக்கத்திலிருந்து குறைந்தது, பின்பக்கம் அப்படியே நின்றது.

இதோடு இன்னொன்று. ஆக்சிலிலிருந்து எவ்வளவு தள்ளி ஒரு பாரம் இருக்கிறதோ, அந்தத் தூரத்தை அதே தூரத்தால் பெருக்கிய அளவில் அது ஆட்டத்தை நீட்டிக்கும். அதே 50 கிலோ ஆக்சிலிலிருந்து அரை மீட்டரில் இருப்பதைவிட 2.3 மீட்டரில் இருந்தால் இருபது மடங்குக்கு மேல். வால் நுனியில் கல் கட்டிய பட்டம் மாதிரி, ஒருமுறை அசைந்தால் நிற்க மனசு வராது. லாரி தள்ளிய காற்று அந்த முதல் அசைவைக் கொடுத்தது, 105 என்ற வேகம் மீதியைப் பார்த்துக்கொண்டது. மரூலனில் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் நிலையம் இருக்கிறது. உங்களை முந்திய லாரி எடைக்குப் பயந்து ஓட்டுவது, நீங்களும் நானும் விடுமுறைக்குப் போகும்போது எடையை நினைக்கக்கூட மாட்டோம்.

நானும் யோக்கியன் இல்லை. இந்தத் தொழிலுக்கு வருமுன் நண்பர் வீடு மாறியபோது பழைய பெட்டி ட்ரெய்லரில் வாஷிங் மெஷினைக் கடைசியாக, கதவோரம் ஏற்றினேன். இறக்கத்தில் 80இல் ஆட ஆரம்பித்தது. பயத்தில் பிரேக்கை மிதித்தேன், கூடாத காரியம். இரண்டு லேனையும் பெருக்கித் துடைத்துவிட்டுத்தான் நின்றது.

ஆடினால் செய்ய வேண்டியது: ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள், எதிர்ப்பக்கம் திருப்பிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். உங்கள் டேஷ்போர்டில் எலெக்ட்ரிக் பிரேக் கன்ட்ரோலர் இருக்கிறது அல்லவா, அதன் கைப்பிடியை மெதுவாக அழுத்தினால் காம்பரின் பிரேக் மட்டும் பிடிக்கும், பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடித்த மாதிரி நேராகும். யூட்டின் பிரேக்கைத் தொடாதீர்கள். அந்தக் கைப்பிடி எங்கே என்று இருட்டிலும் விரலுக்குத் தெரிய வேண்டும். வீட்டுக்கு அருகே காலி மைதானத்தில் 40இல் நாலைந்து முறை பழகுங்கள். பிரேக் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: ஜிடிஎம் 750 கிலோவைத் தாண்டினால் ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயம், 2000ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களுக்கும் பிரேக், கழன்று ஓடினால் தானாகப் பிடிக்கும் அமைப்பும் வேண்டும். உங்களுடையது 2000க்குள்தான், ஆகவே இருப்பது போதும்.

சரி, உலுரு. வெளியே எடுப்பதுதான் வழி, இடம் மாற்றுவது இல்லை. டிராயர் அலமாரியைக் கழற்றுங்கள், அது மட்டும் 70 கிலோ, உள்ளே இருப்பது என்ன என்று கேட்டதற்கு உங்களுக்கே ஞாபகம் இல்லை. தண்ணீர் கேன் ஒன்று போதும், அவசரத்துக்கு. காம்பரிலேயே 140 லிட்டர் போகிறது, கூபர் பீடியில் காசு கொடுத்துப் பிடிக்கும் குழாயும் உண்டு. விறகைச் சிட்னியிலிருந்து சுமக்காதீர்கள், வழியில் வாங்கிக்கொள்ளலாம். தேசியப் பூங்காக்களில் பொறுக்கக் கூடாது. ஜெனரேட்டர் எதற்கு என்று கேட்டதற்குக் கொஞ்சம் தயங்கி, "அத்தைக்கு மாவு அரைக்க" என்றீர்கள். கிரைண்டர் இருக்கட்டும். 12 கிலோவுக்காக இரண்டு வாரம் ரொட்டி தின்னச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஜெனரேட்டரை விடுங்கள், புரோக்கன் ஹில், போர்ட் அகஸ்டா, யுலாரா எல்லா இடத்திலும் காரவான் பார்க்கில் கரண்ட் உள்ள இடம் எடுத்தால் அங்கே அரைத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் சைக்கிள் இரண்டும் வீட்டில். பிள்ளைகளுடையது இரண்டும் சேர்ந்து 18 கிலோதான், காம்பரின் மேல் ரேக்கில் ஆக்சிலுக்கு நேர் மேலே படுக்க வைத்துக் கட்டுங்கள்.

இப்படிச் செய்தால் யூட் 2800, பால் பாரம் 180 அளவில், சேர்த்து 2980. ஜிவிஎம்முக்கு 120 கிலோ கீழே. காம்பர் 1949. தண்ணீரை இந்த முறை பின் டேங்க்கிலிருந்து முதலில் எடுங்கள், அது தீரும் வரை முன்பாரம் கூடுமே தவிரக் குறையாது. நெடுஞ்சாலையில் என்ன எழுதியிருந்தாலும் 90, 95க்கு மேல் வேண்டாம்.

நான் மேலே போட்டதெல்லாம் உங்கள் பட்டியலை நம்பிப் போட்ட காகிதக் கணக்கு. தகட்டில் "டேர்" (வெற்று எடை) என்று எழுதியிருந்தால் அதில் 10 லிட்டர் டீசல் மட்டுமே சேர்த்தி, முழு டேங்க் இல்லை. அங்கேயே 50 கிலோ தவறிவிடும். காம்பரின் டேரில் ஆனிங், கேஸ் சிலிண்டர், பேட்டரி சேர்ந்திருக்கிறதா என்பது தயாரிப்பாளருக்கு வெளிச்சம். ஆகவே புறப்படும் முன்தினம் எல்லாம் ஏற்றி, டேங்க் நிரப்பி, ஐந்து பேரும் உட்கார்ந்து பக்கத்துக் குப்பைக் கிடங்கு எடைமேடைக்கோ கல் குவாரிக்கோ போன் செய்துவிட்டுப் போங்கள். காம்பரை மாட்டியபடியே முதலில் யூட்டின் நான்கு சக்கரம் மட்டும் மேடையில் நிற்கட்டும். அந்த எண் 3100க்குக் கீழே இருக்க வேண்டும். பிறகு முன்னால் நகர்த்தி, யூட்டின் பின் சக்கரங்கள் மட்டும் மேடையில்; அதைப் பின் ஆக்சில் எல்லையோடு ஒப்பிடுங்கள். அடுத்து மொத்தமும் மேடையில், அது ஜிசிஎம்முக்கு. கடைசியாகக் காம்பரைக் கழற்றி, ஜாக்கி வீலோடு (முன்னால் தாங்கும் சிறு சக்கரம்) தனியாக நிறுத்தி எடுப்பது ஏடிஎம்முக்கு. மொத்தத்திலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் காம்பரின் சக்கரம் தாங்கும் எடை, அதைக் கடைசி எண்ணிலிருந்து கழித்தால் பால் பாரம்.

அத்தையைக் கட்டாயம் வண்டியிலேயே உட்காரச் சொல்லுங்கள். வெயிலாக இருக்கிறது என்று இறங்கி நிழலில் நின்றுவிடுவார்கள், 58 கிலோ கணக்கில் வராது. சீட்டு நான்கையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.